படித்துக் காட்டாத மனு

உங்கள் பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டவர், "கொடைக்கானல் மலையில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் கொண்டுபோய் வைத்தவர்களில் ஒருவர்" என்று என்னை அறிமுகம் செய்யப்போவதாகப் போனில் சொன்னார். பொய் இல்லை. அங்கே பஜாரில் இருந்த ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில், அந்த மெஷினை அட்டைப்பெட்டியிலிருந்து தூக்கி மேசைமேல் வைத்தது நான்தான். ஆனால் அந்த வாக்கியத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மேடையில் நின்று இதைச் சொல்லத் தைரியம் இல்லாததால் எழுதிக் கொடுக்கிறேன். போன வருடம் என் சர்வீஸ் கடையை மூடிவிட்டு இந்தத் தொழிலிலிருந்து விலகிய நான், இப்போதுதான் உள்ளே வரும் உங்களிடம் சொல்ல வேண்டியது என்று ஏதாவது இருந்தால் அது இது ஒன்றுதான். எந்த வயரை எங்கே செருகுவது என்பதை உங்கள் பாடப் புத்தகம் சொல்லிவிடும்.

எண்பதுகளின் பிற்பாதி அது. எனக்கு இருபத்தைந்து வயது. திண்டுக்கல்லில் டைப்ரைட்டர் விற்றுக்கொண்டிருந்த ஒரு கடை கம்ப்யூட்டர் விற்கத் தொடங்கியபோது, வாங்கியவர்கள் இடத்துக்குப் போய் மெஷினை நிறுவி, ஆட்களுக்குப் பழக்கிக் கொடுக்கும் வேலைக்கு என்னை எடுத்தார்கள். வீட்டில் இரண்டு வயது மகள். அவளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் பஸ் ஏறுவேன். ஆண்கள் மட்டுமே இருந்த வேலை. நான் எங்கே சறுக்குவேன் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதாக எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு. அதில் பாதி உண்மை, பாதி என் பயம்.

முதல் நாளே எங்கள் மேனேஜர் எனக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தார்.

"வாங்குறவங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கும்மா. எதக் கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொல்லிருங்க. மெஷின் தப்பு பண்ணாது. அதுக்கு மேல ஒரு கேள்வி வராது."

அவர் சொன்னபடிதான் நடந்தது. போன இடத்திலெல்லாம் அதற்கு மேல் ஒரு கேள்வியும் வரவில்லை.

கொடைக்கானல் இன்ஸ்டிட்யூட்டின் உரிமையாளர் நடராஜன் சார். முன்னறையில் எட்டு டைப்ரைட்டர்களில் பிள்ளைகள் பழகிக்கொண்டிருப்பார்கள். வாசலை ஒட்டிய தனி மேசையில் மனு அடித்துக் கொடுக்கும் வேலை. அந்த மேசை ஸ்டெல்லா அக்காவுடையது. அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில் பிறந்து, குடும்பத்தோடு இங்கே வந்து குடியேறியவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் அவரிடம் பிசிறில்லாமல் இருந்தது. என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்.

மனுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். ஆபீஸ்களுக்கும் மிஷன் விடுதிகளுக்கும் அதுதான் மரியாதை என்று ஒரு எண்ணம். மனு கொடுப்பவர்களுக்கோ அதில் ஒரு எழுத்து தெரியாது. அதனால் ஸ்டெல்லா அக்காவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தாளை உருவியதும் கொடுத்துவிட மாட்டார். மனுக்காரரை எதிரில் உட்காரவைத்து, அடித்ததை வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டுவார். அவர்கள் தலையாட்டினால்தான் அடுத்த வரி. முழுவதும் முடிந்த பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ.

நான் போன முதல் நாள் ஒரு பெண்மணிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"'என் புருசன் குடிச்சுட்டு வேலைக்குப் போறதில்ல'ன்னு எழுதியிருக்கு. சரியா?"

"ஐயய்ய, அத எடுத்துரு தாயி. ஆபீசுக்காரக படிச்சா அந்த மனுசன் மானம் போயிரும்."

"நீங்கதானே சொன்னீங்க?"

"ஒன்கிட்ட சொன்னேன். கவருமெண்டுகிட்டயா சொன்னேன்?"

ஸ்டெல்லா அக்கா சிரித்துக்கொண்டே புதுத்தாள் செருகி, முதலிலிருந்து முழுவதையும் மறுபடி அடித்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மனுவுக்கு முக்கால் மணி நேரம். இந்த ஊருக்குக் கம்ப்யூட்டர் எவ்வளவு அவசியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மெஷினைப் பின்னறையில் வைத்தோம். தூசி ஆகாது என்று எனக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். தரையில் ஜமுக்காளம் விரித்து, அந்த அறை வாசலுக்குத் துணித் திரை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், வெளியாட்கள் வரவே கூடாது என்று சட்டம் போட்டேன். அந்த ஊரில் தூசியைவிட ஈரம் பெரிய தொல்லை. மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள் வந்துபோகும். மனுக்களைப் பதிந்து வைக்கும் பிளாப்பித் தட்டுகளில் பூஞ்சை படியாமல் இருக்க, மரப் பீரோவுக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றை எரியவிட்டு அதற்குள் வைத்தோம். நடராஜன் சார், "எனக்கே வீட்டுல ஹீட்டர் கெடையாது. இதுக்கு வந்த வாழ்வப் பாருங்க மேடம்" என்றார்.

ஸ்டெல்லா அக்கா அந்தத் துணித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப படிச்சுக் காட்டுறது எங்க வச்சு மிஸ்?"

"இனிமே படிச்சுக் காட்ட வேண்டியதே இல்ல அக்கா. டைப்ரைட்டர்ல ஒவ்வொரு தடவையும் புதுசா அடிக்கிறீங்க, அதனால தப்பு வருது. இதுல சரியா இருக்குற ஒரு மனுவ வச்சுக்கிட்டு, பேரையும் ரெண்டு விவரத்தையும் மாத்தப்போறோம். அவ்வளவுதான். மெஷின் தப்பு பண்ணாது."

"மெஷின் பண்ணாது மிஸ். ஆனா கஷ்டம் ஒவ்வொருத்தருக்கும் வேற மாதிரியில்ல இருக்கு."

நான் சிரித்துவிட்டு ரீப்ளேஸ் என்ற வசதியைக் காட்டினேன். ஒரு பெயரைச் சொல்லி, அதற்குப் பதில் இன்னொரு பெயரைக் கொடுத்தால், மனு முழுவதிலும் அந்தப் பெயர் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரே தட்டில் மாறிவிடும். நடராஜன் சார் கைதட்டினார். டைப்பிங் பழக வந்த பிள்ளைகள் திரையை விலக்கிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள். சுற்றுக் கிராமங்களிலிருந்து பூண்டும் காய்கறியும் கொண்டுவருபவர்கள் மனு வேலையையும் அன்றைக்கே முடித்துக்கொள்வார்கள். ஸ்டெல்லா அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்து பதினொன்றரைக்கு மேல்தான் வருவார். வாசலில் காலையிலேயே கூட்டம் நின்றது. "நானே உட்கார்றேன் சார்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

நடராஜன் சார் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் விவரம் கேட்டுத் துண்டுச் சீட்டில் எழுதித் திரை வழியாக நீட்டுவார். நான் அடித்து, அச்செடுத்து வெளியே நீட்டுவேன். அவர் வெளியிலேயே கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுவார். முடிந்த சீட்டை என் தலைக்கு மேலே தொங்கிய கம்பியில் குத்திவைப்பேன். பிரிண்டர் சத்தத்துக்கு நடுவே வெளியே பேசுவது கேட்டது.

"திரை போட்டு மறைச்சிருக்கீகளே, உள்ள என்ன பிரசவமா நடக்கு?" என்றது ஒரு பெண் குரல்.

"கம்ப்யூட்டரும்மா. தூசி படக் கூடாது."

"அப்ப நாங்கதான் தூசியாக்கும்."

கூட்டம் சிரித்தது. நானும் உள்ளே இருந்து சிரித்தேன்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பேச்சியம்மாள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பேத்துப்பாறையில் கூலி வேலை பார்ப்பவர். அவருடைய மகள் டவுனில் ஒரு மிஷன் விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் காமாலை வந்து வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். பத்தியம் முடிய இன்னும் சில வாரம் ஆகும், விடுப்பைப் பொறுத்துக்கொண்டு மகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வார்டனுக்கு மனு. சீட்டில் இருந்தது அவ்வளவுதான்.

அதற்குச் சற்று முன்புதான் அதே வார்டனுக்கு வேறொரு மனு அடித்திருந்தேன். பாச்சலூர்க்காரர் ஒருவர், குடும்பத்தோடு மலையை விட்டு இறங்குவதால், மகளின் பெயரை விடுதிப் பதிவிலிருந்து நீக்கி, பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார். அதே விடுதி, அதே வார்டன், அதே வகுப்பு. அந்த மனுவைத் திறந்தேன். பெயர்களையும் ஊரையும் ரீப்ளேஸ் கொடுத்து மாற்றினேன். நடுவில் இருந்த காரணத்தை அழித்துவிட்டு மஞ்சள் காமாலையை எழுதினேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு நேரத்தில் இருபத்தைந்து வரிதான் தெரியும். நான் எழுதியது அந்த இருபத்தைந்துக்குள் அழகாக இருந்தது. கீழே இறங்கிப் பார்க்கவில்லை.

"மேடம், மணி இன்னும் பத்தாகல, எத்தன பேர முடிச்சுட்டோம் பாருங்க" என்று நடராஜன் சார் வெளியிலிருந்து உற்சாகப்படுத்தினார். நான் அச்சுக்குக் கொடுத்தேன்.

இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பத்தி அப்படியே இருந்தது. இன்னாருடைய பெயரைப் பதிவிலிருந்து நீக்கி, சான்றிதழைக் கொடுத்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்ற பத்தி. பாச்சலூர்ப் பெண்ணின் பெயர் அதில் மிஞ்சியிருந்தால் படிக்கிற யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். ரீப்ளேஸ் அந்தப் பெயரையும் மாற்றிவிட்டது. பேச்சியம்மாளின் மகள் பெயர் அங்கே எழுத்துப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. அதன் கீழே பேச்சியம்மாள் கைநாட்டு வைத்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, மெஷினைச் சுத்தம் செய்ய மறுபடி போயிருந்தேன். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பிரிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. திரையை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்தார். பின்னாலேயே நடராஜன் சாரும் ஸ்டெல்லா அக்காவும். திரை விலகிய இடைவெளியில் வாசல்படி தெரிந்தது. அவர் மகள் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் சுருட்டிய பாய்.

"ஐயா, நான் என்ன கேட்டேன், நீங்க என்ன எழுதிக் குடுத்தீக? புள்ளயச் சேத்துக்கோங்கன்னு எழுதச் சொன்னா, பேர வெட்டிருங்கன்னு எழுதிக் குடுத்திருக்கீக. அதுக்குக் கீழ என் கைநாட்டையும் வாங்கிக்கிட்டீக."

வார்டன் அந்த மனுவையும் அதோடு ஒரு குறிப்பையும் கொடுத்தனுப்பியிருந்தார். நடராஜன் சார் குறிப்பைப் படித்தார். தாயே நீக்கச் சொன்னதால் நீக்கிவிட்டார்கள். கட்டில் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. பொதுத் தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியல் வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து போகிறது. இந்தப் பெண் பெயர் அதில் இல்லை. கடைசிப் பத்தி தவறுதலாக வந்தது என்று அதை அடித்தவர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால், தலைமையாசிரியையிடம் பேசிப் பட்டியலிலும் சேர்த்து, இன்னொரு கட்டிலுக்கும் இடம் பார்க்கலாம். இல்லாவிட்டால் கைநாட்டுக்கு எதிராகத் தன்னால் எதுவும் செய்ய முடியாது.

"யாரு அடிச்சது இத? அன்னைக்கு இருந்த கூட்டத்துல எனக்கு ஞாபகமில்ல" என்றார் நடராஜன் சார்.

அந்தக் கேள்விக்கும் அவருடைய அடுத்த கேள்விக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று இத்தனை வருடங்களில் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்கூட இல்லை. ஆனால் அதற்குள் என்னென்னவோ ஓடியது. திண்டுக்கல் மேனேஜர் முகம். பொம்பளப் பிள்ளைய அனுப்புனா இப்படித்தான் என்று சொல்லப்போகும், கடையில் என்னோடு வேலை பார்த்த இருவர். என் மகள். நான் அடித்த மனுவைத் தவிர வேறு எல்லாமே நினைவுக்கு வந்தது. அதோ படியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் நினைவுக்கு வரவில்லை.

"பிளாப்பியில பாத்தா தெரியுமா மேடம்? யாரு, என்னைக்குன்னு?"

பார்த்தேன். அந்தக் காலத்து மெஷினுக்குத் தானாகத் தேதி தெரியாது. ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி கேட்கும். நாம் கொடுக்காமல் என்டரைத் தட்டிவிட்டால் 1980 ஜனவரி ஒன்று என்று வைத்துக்கொள்ளும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் நான் என்டரைத்தான் தட்டியிருந்தேன். மனுவுக்கு நேரே 1980 ஜனவரி ஒன்று என்று இருந்தது. அன்றைக்கு மதியம் எனக்குப் பதில் உட்கார்ந்து ஸ்டெல்லா அக்கா அடித்ததற்கும் அதே தேதிதான்.

"இதுல தெரியாது சார்."

"மெஷின் தானா பழச விட்டு வச்சிருக்குமோ?"

நான் பஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "மெஷின் தப்பு பண்ணாது சார். அடிக்கிறவங்க கீழ வரைக்கும் பாத்திருக்கணும்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அறையில் இருந்த எல்லோரும் ஸ்டெல்லா அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் மனுவைக் கையில் வாங்கி இரண்டு பக்கங்களையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பேச்சியம்மாளிடம் கேட்டார்.

"அம்மா, அன்னைக்கு நீங்க வந்தது வெள்ளனேவா, உச்சிக்கா?"

"யாரு கண்டா? மேகம் மூடிக்கெடந்துச்சு. வெள்ளனேவும் உச்சியும் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு. இப்ப அதுவா சோலி? எம்புள்ள வாசல்ல கெடக்கு."

ஸ்டெல்லா அக்கா மனுவை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எனக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் பிரிண்டரின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி. வெள்ளிக்கிழமைக்குள்ள யாராவது எழுதிக் குடுக்கணும்ல" என்றார்.

வெளியே போய்ப் பழைய டைப்ரைட்டரின் உறையை எடுத்தார். தாள் செருகினார். அடிக்கும் சத்தம் உள்ளே கேட்டது. முடிந்ததும், "இப்படி ஒக்காருங்கம்மா, படிச்சுக் காட்டுறேன்" என்று பேச்சியம்மாளைக் கூப்பிட்டார். நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"'மதிப்புக்குரிய வார்டன் அம்மாவுக்கு'ன்னு போட்டிருக்கு. 'பேச்சியம்மாளோட மனுவ அடிச்சது நான்.' சரியா? 'வேற ஒரு ஆளு மனுவுல இருந்த கடைசிப் பத்திய எடுக்காம விட்டது என் கவனக்குறைவு. இந்தத் தாய் அப்படிக் கேக்கல. இந்தத் தப்புக்காக இந்தப் புள்ளய வெளிய நிறுத்த வேண்டாம்னு கெஞ்சிக் கேக்குறேன்.' சரியாம்மா?"

"கவனக்குறைவுன்னா?"

"பாக்காம விட்டுட்டேன்னு அர்த்தம்."

"பாக்காம விடுறதுக்கு ஒனக்குக் கண்ணு என்ன அவிஞ்சா கெடந்துச்சு?"

"ஆமாம்மா" என்றார் ஸ்டெல்லா அக்கா. கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை அந்தப் பெண்ணை விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். தேர்வுப் பட்டியலிலும் பெயர் ஏறியது. அந்த மாதம் முடிந்ததும் நடராஜன் சார் ஸ்டெல்லா அக்காவை நிறுத்திவிட்டார். "வார்டனுக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு. ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு. இனி அவங்கள நம்பி யாரு மனு அடிக்க வருவா மேடம்?" என்று என்னிடம் வருத்தப்பட்டார். கம்ப்யூட்டர் தெரிந்த பெண் யாராவது வேண்டும் என்றார். திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண்ணை நான்தான் பார்த்து அனுப்பிவைத்தேன். அதையும் செய்தேன்.

இரண்டு வருடம் கழித்து என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். விண்ணப்பத்தில் அவள் பெயரை எழுதும்போது அழுத்தி எழுதியதில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. பள்ளி அலுவலக அம்மா வேறு படிவம் கொடுத்தார். அந்த வாரமே மலையில் இருக்கும் பூண்டி கிராமத்துக்குப் பஸ் ஏறினேன். ஸ்டெல்லா அக்கா அங்கே தன் தம்பி வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

வீட்டுக்கு முன்னால் சாக்கு விரித்துப் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தார். பெரிது ஒரு குவியல், சிறிது ஒரு குவியல். விரல்களில் மண்.

"வாங்க மிஸ். செருப்போடயே வாங்க, ஒண்ணுமில்ல" என்றார். குத்திச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அக்கா, அந்த மனுவ அடிச்சது நான்."

"தெரியும். நான் பத்திக்குப் பத்தி ரெண்டு வரி எடம் விடுவேன். நீங்க ஒண்ணுதான் விடுவீங்க."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்." ஒரு பூண்டை எடுத்துத் தோலை உரித்து, சின்னக் குவியலில் போட்டார். "நான் நீங்கன்னு சொல்லி, நீங்க இல்லன்னு சொல்லி, நாம ரெண்டு பேரும் கதைச்சுக்கிட்டே இருந்தா வெள்ளிக்கிழம போயிரும். வார்டனுக்கு வேண்டியது ஒரு கையெழுத்துதானே."

"நடராஜன் சார்கிட்ட இப்பப் போய்ச் சொல்லிடுறேன் அக்கா."

"சொல்லுங்க. ஆனா அது ஒங்களுக்காகத்தான் மிஸ். நான் இனி அங்க போகமாட்டேன்."

இன்னும் இரண்டு பூண்டுகளை ஆய்ந்து போட்டார். பிறகு அவரே சொன்னார். "அந்தப் புள்ள பாஸாயிருச்சு. நர்சுக்குப் படிக்குதாம். தெரியுமா?"

தெரியாது என்றேன். இரண்டு வருடத்தில் நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

"பேராவது ஞாபகம் இருக்கா? நீங்கதானே மாத்துனீங்க."

எனக்கு நினைவில்லை. நானே அடித்த பெயர். ஒரே தட்டில் மனு முழுவதும் போட்ட பெயர். எவ்வளவு முயன்றும் முதல் எழுத்துகூட வரவில்லை. ஸ்டெல்லா அக்கா மறுபடி பூண்டை எடுத்தார். பெயரைச் சொல்லவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. வெரசா போங்க. இத விட்டா நாளைக்குத்தான்."

அங்கிருந்து நேரே கொடைக்கானல் போய் நடராஜன் சாரிடம் சொன்னேன். "இப்ப வந்து சொல்றீங்களே மேடம்" என்றார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூண்டிக்குப் போய் ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் வரவில்லை.

நான் அன்றைக்குப் பின்னறைக்குப் போய்ச் சீட்டுக் கம்பியைக் கேட்டேன். பழைய கம்பிகளைச் சாக்கில் போட்டு வைத்திருந்தார்கள். தேடி எடுத்தேன். சீட்டுகள் வந்த வரிசையிலேயே குத்தியிருந்தன. பேச்சியம்மாளின் சீட்டு அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சீட்டுகளோடு, ஸ்டெல்லா அக்கா வருவதற்கு வெகுநேரம் முன்னால் இருந்தது. அந்தப் புதன்கிழமை யாராவது கையை நீட்டிக் கம்பியை இறக்கியிருந்தால் போதும். அது என் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று எனக்கு அன்றே தெரியும். இதை நடராஜன் சாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

என் மகளுக்கு இப்போது இருபது வயது, கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். அவள் அனுப்பும் எந்த விண்ணப்பமானாலும் போனில் எனக்கு வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்வேன். "நானே பாத்துட்டேன்மா, சரியாத்தான் இருக்கு" என்று சலித்துக்கொள்வாள். "கீழ வரைக்கும் படி" என்பேன். காரணம் அவளுக்குத் தெரியாது. இதை நீங்கள் படிக்கும் முன்பாக அவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் வைக்கப்போகும் மெஷின்கள் எங்களுடையவற்றைவிட எவ்வளவோ கெட்டி. அவற்றுக்குத் தேதி தெரியும். தூசிக்கும் அவ்வளவு பயமில்லை. அதனால் ஒன்று செய்யுங்கள். எந்தக் கடையில், எந்த ஆபீஸில் கொண்டுபோய் வைத்தாலும், மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். யாருக்காகத் தாள் அச்சாகிறதோ அவர் அதில் உட்காரட்டும். அவருக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நேரமாகிறது என்பார்கள். ஆகட்டும். பெயரிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

பேச்சியம்மாளின் அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. நடராஜன் சாரின் கோணல் எழுத்தில், நடுவில் கம்பி குத்திய துளையோடு. அவர் மகள் பெயர் முத்துலட்சுமி.